டால்மேஷியக் கடற்கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: படகு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

ஜூலையில் ஏதாவது ஒரு நாள் குரோஷியாவின் ஹ்வார் தீவிலுள்ள ஸ்டாரி கிராட் படகுத்துறையில் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஸ்ப்ளிட்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடி வந்த பெரிய கார்ப் படகின் வாய் திறக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குகிற கூட்டத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் மட்டும் கைப்பேசி வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நிற்கும். அறை எடுத்திருப்பது ஹ்வார் நகரத்தில். டிக்கெட் வாங்கியதோ ஹ்வார் தீவுக்கு. நகரம் அங்கிருந்து இன்னும் 20 கி.மீ., மலையைத் தாண்டி. படகுக்காகக் காத்திருக்கும் பேருந்து நிரம்பிக் கிளம்பிவிட்டால் டாக்சிக்காரர் சொல்வதுதான் விலை.

குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் முதல்முறை போகிறவர்கள் படும் பாட்டில் பாதி இந்த ரகம்தான். வரைபடத்தில் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சாதர், ஷிபெனிக், ட்ரோகிர், ஸ்ப்ளிட், ஹ்வார், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் என்று ஏழு ஊரை எழுதி, ஏழு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. இந்தக் கரையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதால் பயனில்லை. எந்தப் படகு, எந்த மாதத்தில், எந்தத் துறைக்கு, எத்தனை மணிக்கு என்பதுதான் கணக்கு. படகு அட்டவணையை முதலில் திறந்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப ஊர்களைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் படி: மாதம்

மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அல்லது செப்டம்பர் முழுவதும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் செப்டம்பர். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 23 டிகிரி அளவில் இருக்கும். மே மாதத்தில் வெயில் அழகாக இருந்தாலும் தண்ணீர் 17, 18 டிகிரிதான். மெரினா, கோவளம் பழக்கத்தில் காலை வைத்தவர்கள் அலறிக்கொண்டு கரையேறுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் கடல் 25 டிகிரியைத் தொடும். அறை வாடகையும் கூட்டமும் அதைவிட வேகமாக ஏறும்.

அக்டோபர் நடுவுக்குப் பிறகு வேறு சிக்கல். ஸ்ப்ளிட்டையும் டுப்ரோவ்னிக்கையும் தீவுகள் வழியாக இணைக்கும் வேகப்படகுகள் பருவகாலச் சேவைகள், அவை நின்றுவிடும். தீவு மக்களுக்கான அன்றாடப் படகுகள் மட்டும் ஓடும். அவற்றின் நேரம் தீவுக்காரர்கள் காலையில் ஸ்ப்ளிட்டுக்கு வேலைக்கும் மருத்துவமனைக்கும் வந்து மாலை திரும்புவதற்கு ஏற்றபடி இருக்கும், சுற்றுலாவுக்கு ஏற்றபடி இருக்காது.

இரண்டாம் படி: எத்தனை ஊர்

ஒன்பது இரவு இருந்தால் மூன்று ஊர் போதும். ஸ்ப்ளிட்டில் நான்கு, ஹ்வார் அல்லது கோர்ச்சுலாவில் மூன்று, டுப்ரோவ்னிக்கில் இரண்டு. ஸ்ப்ளிட்டில் இறங்கி டுப்ரோவ்னிக்கிலிருந்து விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டாம். ட்ரோகிர், ஷிபெனிக், ப்ராச் தீவு மூன்றையும் ஸ்ப்ளிட்டில் இருந்தபடியே பகல் பயணமாகப் பார்த்துவிடலாம்.

சாதரை விட மனமில்லாதவர்கள் பயணத்தின் தொடக்கத்தில் ஓர் இரவு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2005-இல் கட்டிடக் கலைஞர் நிகோலா பாஷிச் கரையோரப் படிக்கட்டுகளுக்கு அடியில் குழாய்களைப் பதித்துக் ‘கடல் ஆர்கன்’ அமைத்தார். அலை உள்ளே போய்க் காற்றைத் தள்ள, படிகளின் துளைகள் வழியே இசை வரும். சூரியன் சாயும் நேரத்தில் கூட்டம் அலைமோதும். காலையில் போனால் படியும் காலி, காதிலும் தெளிவாக விழும்.

மூன்றாம் படி: விசா

குரோஷியா 2023 ஜனவரி 1-ஆம் தேதி ஒரே நாளில் யூரோவுக்கும், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்கும் மாறியது. பழைய குறிப்புகளில் இருக்கும் குனா நாணயம், தனி குரோஷிய விசா எல்லாம் காலாவதி. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு விண்ணப்ப நேரம் கிடைப்பதே பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 45. சேவை மையத்தின் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்தில் இத்தாலியையும் சேர்த்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம்.

பலர் கோட்டைவிடும் இடம் நுழைவு எண்ணிக்கை. டுப்ரோவ்னிக்கில் தெருவுக்குத் தெரு மோஸ்டாருக்கும் கோட்டோருக்கும் ஒருநாள் சுற்றுலா விற்பார்கள். மோஸ்டார் இருப்பது போஸ்னியாவில், கோட்டோர் மாண்டினீக்ரோவில். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. ஒற்றை நுழைவு விசாவோடு அந்தப் பேருந்தில் ஏறினால், மாலையில் எல்லையில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பெட்டி டுப்ரோவ்னிக் அறையில், நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். இந்த ஊர்களைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, பயணத் திட்டத்திலும் அதை எழுதுங்கள்.

இதே சிக்கல் சாலையிலும் உண்டு. நேயும் என்ற சிற்றூரில் போஸ்னியா கடலைத் தொடுகிறது. அது குரோஷியாவின் கரையை இரண்டாக வெட்டுகிறது. 2022 ஜூலை வரை ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக் காரில் போகிறவர்கள் போஸ்னியாவுக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டியிருந்தது. 2.4 கி.மீ. நீளமுள்ள பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தேவை இல்லை. ஆனால் காரில் இருக்கும் வழிகாட்டிச் செயலி சில நேரம் பழைய வழியைக் காட்டும். ஒற்றை நுழைவு விசாக்காரர்கள் பாலத்தின் வழியையே பிடியுங்கள். பேருந்து என்றால் எந்த வழி போகிறது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: படகு

படகில் இரண்டு வகை. கார் ஏற்றும் பெரிய படகை அங்கே ‘ட்ரயெக்ட்’ என்பார்கள். மெதுவாகப் போகும், மேல்தளத்தில் காற்று வாங்கலாம், ஆள் மட்டும் ஏறுவதென்றால் அநேகமாக எப்போதும் இடம் கிடைக்கும். இன்னொன்று ஆட்களை மட்டும் ஏற்றும் வேகப்படகு. அதற்குக் குரோஷிய மொழியிலும் ‘கட்டமரான்’தான். நம் மீனவர்களின் கட்டுமரம் ஊர் சுற்றி அட்ரியாட்டிக் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இது வேகமானது, இருக்கை எண்ணிக்கை உறுதியானது, ஜூலை, ஆகஸ்டில் சில நாள் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். அரசு நிறுவனமான யாட்ரோலினியாவும் சில தனியார் நிறுவனங்களும் ஓட்டுகின்றன. ஒருவரின் டிக்கெட் மற்றவரின் படகில் செல்லாது. நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தவறான வரிசையில் நிற்பது சாதாரணம். படகின் பெயரைப் பார்த்து வரிசையில் நில்லுங்கள்.

அதைவிட முக்கியம், தீவின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்காமல் துறையின் பெயரைப் பார்த்து வாங்குவது.

ஹ்வார்: கட்டமரான் ஹ்வார் நகரத்துக்கே போகும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ட்ரயெக்ட் ஸ்டாரி கிராடுக்குப் போகும். மூன்றாவது துறை ஒன்றும் உண்டு: கரையிலிருக்கும் டிர்வெனிக்கிலிருந்து சுச்சுராய்க்கு. அரை மணி நேரப் படகு என்று ஆசைப்பட்டு அதில் காரை ஏற்றினால், இறங்கியபின் தீவின் முதுகெலும்பு மீது குறுகலான, வளைந்து வளைந்து போகும் சாலையில் 75 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும்.

கோர்ச்சுலா: ஸ்ப்ளிட்டிலிருந்து ட்ரயெக்ட் வேலா லூகாவில் விடும். அது தீவின் மேற்கு நுனி. பழைய நகரம் கிழக்கு நுனி. ஊருக்கே நேராகப் போக கட்டமரான், அல்லது பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தின் ஒரெபிச்சிலிருந்து கால் மணி நேரப் படகு.

ப்ராச்: சூபெட்டாருக்கு ட்ரயெக்ட் ஐம்பது நிமிடம், அடிக்கடி உண்டு. படங்களில் பார்க்கும் நாக்கு போன்ற ஸ்லாட்னி ராட் கடற்கரை தீவின் மறுபக்கம், போல் என்ற ஊரில். சூபெட்டாரிலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும்.

மல்யெட்: தேசியப் பூங்கா இருப்பது பொமேனா, பொலாச்சே பக்கம். சொப்ரா துறையில் இறங்கிவிட்டால் அது தீவின் நடுப்பகுதி.

கட்டமரானில் பெரும்பாலும் இருக்கை எண் இருக்காது. கிளம்புவதற்கு அரைமணி முன்னால் போய் நின்றால்தான் குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாம். பெட்டியை நீங்களேதான் தூக்கி உள்ளே அல்லது தளத்தில் அடுக்க வேண்டும். 23 கிலோ பெட்டிகளைச் சென்னையில் பூட்டும்போதே இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு தோள்பை. அதற்கு மேல் போனால் படகிலும் தண்டனை, பழைய நகரத்துப் படிகளிலும் தண்டனை.

காரோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தீவுகளில் மூன்று நாள் இருக்க காரே வேண்டாம். டிக்கெட் கையில் இருந்தாலும் கோடையின் சனிக்கிழமைகளில் துறையில் ஒன்றரை மணி நேரமாவது முன்னால் வரிசையில் வண்டியை நிறுத்த வேண்டும். வாரவாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கு சனி மாறுவதால் அன்றைக்கு ஒட்டுமொத்த மத்திய ஐரோப்பாவும் அந்த வரிசையில்தான் நிற்கும். ஊருக்குள்ளும் வண்டி விட முடியாது. நீங்கள் காரைத்தான் எடுப்பீர்கள் என்றால், இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவது பழக ஒரு நாள் கொடுங்கள்.

ஸ்ப்ளிட்டில் ஒரு பெரிய வசதி: ரயில், பேருந்து நிலையங்களும் படகுத்துறையும் ஒரே சாலையில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பெட்டி வைக்கும் இடத்துக்கு ‘கார்டெரோபா’ என்று பலகை இருக்கும். டுப்ரோவ்னிக்கில் அப்படி இல்லை. துறையும் பேருந்து நிலையமும் இருக்கும் குரூஷ் பகுதி பழைய நகரத்திலிருந்து மூன்று கி.மீ. தள்ளி, 1ஏ அல்லது 1பி நகரப் பேருந்து பிடித்து பீலே வாசலில் இறங்க வேண்டும். ரயில் டுப்ரோவ்னிக்குப் போவதே இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அறை

இங்கே ஹோட்டலைவிட ‘அபார்ட்மான்’ எனப்படும் வீட்டு அறைகள்தான் அதிகம், சமையலறையோடு வரும். மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்கினால் பலர் கூடுதல் தொகை கேட்பார்கள். ஊருக்கு ஊர் ஓர் இரவு என்று திட்டம் போடாமலிருக்க இது இன்னொரு காரணம். போனதும் கடவுச்சீட்டைக் கேட்டால் பயப்பட வேண்டாம். வந்த விருந்தினரை அரசின் பதிவேட்டில் ஏற்றுவது உரிமையாளரின் கடமை. படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவார்கள்.

பதிவு செய்யும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை படி? கார் அல்லது டாக்சி எதுவரை வரும்? குளிர்சாதனம் படுக்கையறையில் இருக்கிறதா, கூடத்திலா? டுப்ரோவ்னிக் பழைய நகரத்தின் வடபுறத் தெருக்களில், ஸ்ட்ராடூன் என்ற முக்கியத் தெருவிலிருந்து மேலே ஏறும் படிகள் நூறைத் தாண்டும். வயதான பெற்றோருடன் போகிறவர்கள் மதிலுக்கு உள்ளே அறை எடுப்பதைவிட லாபாட் பகுதியில் எடுத்து, பேருந்தில் வந்து போவது நல்லது. ஸ்ப்ளிட்டின் பழைய நகரமான அரண்மனைக்கு உள்ளே தங்க ஆசை வரும். ஜன்னலுக்குக் கீழே மதுக்கடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

ஊர்களை எந்த நேரத்தில் பார்ப்பது

ஸ்ப்ளிட்டின் பழைய நகரம் என்பதே ஓர் அரண்மனைதான். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305-இல் தானாகவே பதவி விலகி வந்து தங்குவதற்காகக் கட்டிக்கொண்டது. சுமார் 215 மீட்டருக்கு 180 மீட்டர். பேரரசு போனபின் மக்கள் உள்ளே குடியேறி, தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி வீடாக்கிக்கொண்டார்கள், இன்றும் குடியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்தப் பேரரசரின் கல்லறைக் கட்டிடமே பின்னால் பேராலயம் ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்கு வடக்குப் பக்கத்துத் தங்க வாசல் வழியாக நுழைந்து பெரிஸ்டில் முற்றத்துக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே கொடி பிடித்த குழுக்கள் நிற்கும். பிறகு கிழக்கே வெள்ளி வாசல் வழியாக வெளியே வந்தால் காய்கறிச் சந்தை; அத்திப்பழம், செர்ரி வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி வெயிலைக் கழியுங்கள். தரையின் சுண்ணாம்புக் கல் பல நூற்றாண்டு நடையில் கண்ணாடிபோல் தேய்ந்திருக்கிறது. மழைத் தூறல் விழுந்தால் ரப்பர் செருப்பு வழுக்கும்.

டுப்ரோவ்னிக்கில் பணமும் நேரமும் சேர்ந்து போகுமிடம் மதில் நடை. 1,940 மீட்டர், ஒரே திசையில்தான் நடக்கலாம், நிழல் கிடையாது. 2025 கோடையில் பெரியவர்களுக்கு 40 யூரோ. அதே விலையில் விற்கும் ஒருநாள் ‘டுப்ரோவ்னிக் பாஸ்’ அட்டையில் மதிலோடு சில அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் அடங்கும் என்பதால் வெறும் மதில் டிக்கெட் வாங்குவதில் பொருளில்லை. காலை எட்டு மணிக்குத் திறந்ததும் ஏறுங்கள். இல்லையென்றால் மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். நடுப்பகல் ஆகவே ஆகாது. பீலே வாசலில் வரிசை நீண்டிருந்தால் ப்லோச்சே பக்கத்தில், கிழக்கே இன்னொரு நுழைவு உண்டு. ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி. மேலே மின்செட்டா கோபுரம்தான் மிக உயரம். அங்கிருந்து கூரைகளைப் பாருங்கள். மங்கிய பழுப்பு ஓடுகள் பழையவை, பளிச்சென்ற செந்நிற ஓடுகள் 1991–92 முற்றுகையில் குண்டு விழுந்தபின் மாற்றியவை. எந்த நிறம் அதிகம் என்று பார்த்தாலே ஊர் பட்ட அடி புரியும்.

மதிலில் நடந்த டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். எதிரே பாறை மேலிருக்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டைக்கும் அதுவே செல்லும். சுற்றுலாக் கப்பல்கள் நிற்கும் நாட்களில் ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை ஸ்ட்ராடூனில் தோள் உரசும். அந்த நேரத்துக்கு லோக்ரும் தீவுக்குப் படகேறிவிடுவது உத்தமம்.

கோர்ச்சுலாவைப் பலர் அரைநாளில் மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று சொல்லப்படும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பார்க்க வேண்டியது தெருக்களை. மீன் முள்போல நடுவில் ஒரு தெரு, இருபுறமும் கிளைகள். மேற்குக் கிளைகள் நேராக இருக்கும். கோடையில் வடமேற்கிலிருந்து வரும் மயெஸ்ட்ரால் காற்று ஊருக்குள் தடையின்றி ஓட. கிழக்குக் கிளைகள் லேசாக வளைந்திருக்கும். குளிர்காலத்தின் பூரா காற்றை மறிக்க. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குத் தெரு ஒன்றின் வாயில் நின்றால் சட்டை படபடக்கும். நடுத்தெருவைக் கடந்து கிழக்கே நான்கு அடி வைத்தால் காற்று அடங்கிவிடும்.

ஷிபெனிக்குக்கு ஒரு பகல் போதும். 1431-இல் தொடங்கி ஒரு நூற்றாண்டு கட்டிய புனித ஜேம்ஸ் பேராலயத்தில் கூரைகூடக் கல்லே. பின்பக்கச் சுவரில் வரிசையாகச் செதுக்கிய ஊர்க்காரர்களின் தலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு முகபாவம். பக்கத்திலிருக்கும் கிர்கா அருவிக்கு நீச்சல் உடையோடு போகிறவர்கள் கவனிக்க: ஸ்கிராடின்ஸ்கி பூக் அருவியில் குளிப்பது 2021 முதல் தடை.

கடலில் இறங்குமுன்

மணற்கரையைத் தேடிப் போனால் ஏமாற்றம். பெரும்பாலும் கூழாங்கல், பாறை, சிமென்ட் திட்டு. தண்ணீர் அத்தனை தெளிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். கலங்குவதற்கு மண் இல்லை. கடலுக்கென்றே விற்கும் ரப்பர் காலணி பத்துப் பதினைந்து யூரோவுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் நாளே வாங்குங்கள். பாறை இடுக்குகளில் கறுப்பு முள்ளெலி போல உட்கார்ந்திருக்கும் ‘யெஷினாட்ஸ்’, அதாவது கடல் முள்ளி, வெறுங்காலில் ஏறினால் முள் உடைந்து உள்ளே தங்கும். பிதுக்கி எடுக்க முயன்றால் இன்னும் துண்டாகும். வெந்நீரிலோ வினிகரிலோ ஊறவைத்து, ஆலிவ் எண்ணெய் தடவி மென்மையானபின் இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். ஆழமாகப் போயிருந்தால், அல்லது மூட்டில் குத்தியிருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஸ்ப்ளிட்டின் பாச்விட்சே கடற்கரை. மணல், வெகுதூரம் வரை முழங்கால் ஆழம். உள்ளூர்க்காரர்கள் சிறு பந்தைத் தண்ணீரில் விழாமல் தட்டித் தட்டி ‘பிட்சிகின்’ ஆடுவார்கள். புகழ்பெற்ற ஸ்லாட்னி ராட் பிள்ளைகளுக்கு உகந்ததில்லை: சட்டென்று ஆழமாகும், நுனியில் நீரோட்டம் இழுக்கும். எஃப்.கே.கே. என்ற எழுத்துப் பலகை இருந்தால் அது ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கான கரை. குடும்பத்தோடு நடந்து போய்விட்டுத் திகைக்க வேண்டாம். அதேபோல் கரையை விட்டு ஊருக்குள் வந்ததும் சட்டை போடுங்கள். ஹ்வாரிலும் ஸ்ப்ளிட்டிலும் நீச்சல் உடையில் பழைய நகரத்தில் திரிந்தால் அபராதம். தொகை நூறு யூரோவைத் தாண்டும்.

காற்றின் பெயர்கள் மூன்று தெரிந்தால் போதும். மயெஸ்ட்ரால் நல்ல வானிலையின் கடற்காற்று. முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சம் தொட்டு, சூரியனோடு அடங்கும். அதனால் சிறு படகுச் சுற்றுலாவைக் காலையில் வையுங்கள். யூகோ தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று. இரண்டு மூன்று நாள் நீளமான அலையைக் கிளப்பும், வயிற்றைப் புரட்டும். விஸ் அருகே பிஷெவோ தீவின் நீலக் குகையை அப்போது மூடிவிடுவார்கள், ஏனென்றால் அதன் வாய் ஒன்றரை மீட்டர் உயரம்தான். குகை நீலமாக ஒளிர்வது முற்பகல் பதினொன்றிலிருந்து நண்பகல் வரை. ஆகவே எல்லாப் படகும் அந்த ஒரு மணி நேரத்துக்கே வந்து வரிசை கட்டும். ஸ்ப்ளிட்டிலிருந்து விரைவுப் படகில் அரைநாள் தாவிப் போவதைவிட விஸ் தீவில் ஓர் இரவு தங்குவது மேல். மூன்றாவது பூரா: மலையிலிருந்து கீழே பாயும் வறண்ட குளிர்க் காற்று, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே அடிக்கும். வெயில் அடிக்கிறதே, படகு ஏன் ரத்து என்று துறையில் சண்டை போடுகிறவர்கள் பூராவைப் பார்க்காதவர்கள்.

சாப்பாடு

‘கோனொபா’ என்று பலகை உள்ள இடம் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடை. மீன் விலை பட்டியலில் கிலோவுக்கு எழுதியிருக்கும். தட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கிலோ 70 யூரோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருக்கு வரும் 900 கிராம் மீன் 63 யூரோ. தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, எடை போட்டு விலை கேட்டபின் தலையாட்டுங்கள். அதில் தவறே இல்லை, அங்கே அதுதான் வழக்கம். மத்தி மீன் இதில் சேராது. மலிவு, சுவை, வறுத்தால் நம் ஊர் ஞாபகம் வரும். ‘பெகா’ சாப்பிட ஆசையென்றால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்: ஆக்டோபஸ் அல்லது ஆட்டுக்குட்டி இறைச்சியை உருளைக்கிழங்கோடு இரும்பு மூடியால் மூடி, மேலே தணலைக் குவித்து வேகவைப்பது.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ‘மாமிசம் வேண்டாம்’ என்றால் மீன் வரும். ‘நெ யெதெம் மெசோ நி ரிபு’ என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன். காளான் போட்ட ‘ரிசொட்டோ’ சோறுகூட இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். நம்பிக்கையானவை: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய ‘பிளிட்வா’, இரண்டு மெல்லிய மாவுக்கு நடுவே கீரை வைத்துச் சுட்ட ‘சோபார்னிக்’, பீட்சா, பேக்கரியில் பாலாடைக்கட்டி வைத்த ‘பூரெக் சா சிரோம்’. வெறும் ‘பூரெக்’ என்றால் இறைச்சியாக இருக்கக்கூடும். அறையில் அடுப்பு இருப்பதால் அரிசி, பருப்பு, ஒரு பொட்டலம் சாம்பார் பொடி கொண்டுபோவது கௌரவக் குறைச்சல் இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள்.

பலசரக்கை சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். 2023 ஜூலை முதல் ஒரு கடை ஆண்டுக்குப் பதினாறு ஞாயிறுகளில்தான் திறக்கலாம். அந்தப் பதினாறைக் கரையோரக் கடைகள் கோடைக்கே ஒதுக்கிக்கொள்வதால் ஆகஸ்டில் இந்தக் கட்டுப்பாடு தெரியாது. மே, அக்டோபரில் தெரியும்.

பணம் எடுக்கும் இயந்திரம் ‘ரூபாயில் கழிக்கவா’ என்று கேட்டால் மறுத்து, யூரோவிலேயே கழிக்கச் சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நன்றாகக் கறப்பார்கள். கையில் ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்கள் இருக்கட்டும். நெடுந்தூரப் பேருந்தில் அடியில் வைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓட்டுநரின் உதவியாளர் சில்லறை கேட்பார். அவசர எண் 112.

கடைசி நாள்

விமானம் ஏறும் நாளின் காலையில் தீவில் இருக்கக் கூடாது. முந்தின இரவே விமான நிலையம் உள்ள ஊருக்கு வந்துவிடுங்கள். காற்றால் கட்டமரான் நின்றால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், போன விமானம் கிடைக்காது. ஸ்ப்ளிட் விமான நிலையம் ஊரைவிட ட்ரோகிருக்குத்தான் பக்கம். அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை ட்ரோகிரில் வைத்தால், 1240-இல் ராடொவான் என்ற சிற்பி செதுக்கிய பேராலய வாசலையும் சாவகாசமாகப் பார்த்த மாதிரி ஆகும். டுப்ரோவ்னிக் விமான நிலையப் பேருந்து ஊருக்குள் வரும்போது பீலே வாசலில் இறக்கிவிடும். திரும்பிப் போகும்போது அங்கே நிற்காது. குரூஷ் பேருந்து நிலையத்திலோ மதிலுக்கு மேலே கேபிள் கார் நிலையத்தருகிலோ ஏற வேண்டும். பெட்டியோடு கேபிள் கார் நிலையம் வரை படியேறுவதற்கு இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.